புல் ஏன் சிவந்தது?

ஒரே மடிக்கணினி, இரண்டு பதில்கள்

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அந்தக் காலத்து மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், இன்னொன்று சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். பொத்தானை அழுத்தினால், எதற்குள் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்து கேட்கும்.

பிள்ளைகள் ஒரு விஷயத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள். நண்பனிடமிருந்து பென் டிரைவில் வாங்கி வந்த விளையாட்டு விண்டோஸில் ஓடும். அதே கோப்பை லினக்ஸில் போய் இரட்டைக் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது. மிஞ்சிப்போனால், இந்தக் கோப்பை என்ன செய்வதென்று தெரியவில்லை என்று ஒரு பிழைச்செய்தி வரும். ‘லினக்ஸில் கேம் ஓடாது’ என்ற தீர்ப்போடு பலர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். சில்லு அதேதான். நினைவகம், திரை, விசைப்பலகை எல்லாம் அவையேதான். கணினியைத் திரும்பத் தொடக்கியதைத் தவிர வன்பொருளில் எந்த மாற்றமும் இல்லை. இங்கே ஓடும் விளையாட்டு அங்கே ஏன் ஓட மறுக்கிறது?

சில்லுக்கு விண்டோஸ் தெரியாது

ஒரு விளையாட்டின் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி, சில்லுக்கு நேரடியாக இடும் கட்டளைகள். இந்த எண்ணோடு அந்த எண்ணைக் கூட்டு, இரண்டையும் ஒப்பிடு, பெரியதாக இருந்தால் அந்த வரிக்குத் தாவு. வில்லாளி எய்த அம்பு குதிரைவீரன் மேல் பட்டதா, பட்டால் எவ்வளவு உயிர் குறையும் என்பதெல்லாம் இப்படிப்பட்ட கணக்குகள். இவற்றைச் செய்யும்போது சில்லு, ‘இப்போது எந்த இயங்குதளம்’ என்று கேட்பதே இல்லை. அதற்கு அது தெரியவும் தெரியாது.

சிக்கல் வருவது வேறு இடத்தில். கோப்பைத் திறக்க, திரையில் வரைய, ஒலி எழுப்ப, எந்த விசை அழுத்தப்பட்டது என்று அறிய நிரலுக்குத் தனியாக அதிகாரம் கிடையாது. இயங்குதளத்திடம் கேட்டுத்தான் பெற வேண்டும். விண்டோஸுக்காக எழுதிய நிரல், கோப்பு வேண்டுமென்றால் ‘கிரியேட்ஃபைல்’ என்ற பெயரைச் சொல்லிக் கேட்கும். லினக்ஸில் அதே வேலைக்குப் பெயர் ‘ஓப்பன்’. பெயர் மட்டுமல்ல, கூடக் கொடுக்க வேண்டிய விவரங்களும் பதில் வரும் விதமும் வேறு. இப்படி விண்டோஸ் வைத்திருக்கும் பெயர்கள் ஆயிரக்கணக்கில்.

ஒரு ஹோட்டல் கை மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புதிய முதலாளி, புதிய சரக்கு மாஸ்டர், புதிய அடுப்பு. பலகையில் எழுதிய பட்டியல் மட்டும் பழையதே. வாடிக்கையாளர் வழக்கம்போல உட்கார்ந்து ‘ஒரு ரவா ரோஸ்ட்’ என்கிறார். ரவா ரோஸ்ட் வருகிறது. சமைத்தது யார் என்பது அவருக்கு வேண்டாத சமாச்சாரம். விண்டோஸ் நிரலும் அந்த வாடிக்கையாளர் போலத்தான். அதற்குத் தெரிந்தது பட்டியலில் உள்ள பெயர்கள் மட்டும்.

லினக்ஸ் மேல் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெயர்கள் அத்தனைக்கும் பதில் சொல்லும் மென்பொருளை எழுதிவிட்டால்? அப்படி எழுதப்பட்டதுதான் வைன். இந்த வகை மென்பொருளை இணக்க அடுக்கு என்று அழைக்கலாம். 1993-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தை 1994 முதல் நடத்திவருபவர் அலெக்சாந்தர் ஜூலியார். விண்டோஸின் ஒரு வரி கூட இதில் இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் மூலநிரலைப் பார்த்தவர்கள் இதற்கு நிரல் எழுதித் தரக் கூடாது என்பது வைன் குழுவின் கறாரான விதி.

வைனை எமுலேட்டரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எமுலேட்டர் என்பது வேறொரு சில்லையே மென்பொருளால் போலிசெய்வது. டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் விளையாட்டுகளை ஓட்டும் டாஸ்பாக்ஸ் அந்த ரகம். அங்கே ஒவ்வொரு கட்டளையும் இன்னொரு நிரல் வழியாகப் போய் வர வேண்டும். வைனில் விளையாட்டின் கட்டளைகள் நேராகச் சில்லுக்கே போகின்றன. கேள்விகள் மட்டும்தான் திசைதிருப்பப்படுகின்றன. (ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் ஓட்ட வேண்டுமென்றால் கதை வேறு. அதன் சில்லே வேறு இனம் என்பதால் போலிச் சில்லும் சேர்ந்து தேவைப்படும்.)

ஒரு சிடியை எடுத்துக்கொள்வோம்

1999-ல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’. என்சம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்கியது, மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. 166 மெகாஹெர்ட்ஸ் பெண்டியமும் 32 எம்.பி. நினைவகமும் இருந்தால் போதும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தார்கள். இடைக்காலத்து 13 நாகரிகங்கள். அடுத்த ஆண்டு வந்த ‘கான்கரர்ஸ்’ சேர்க்கையில் இன்னும் 5. ஆடு மேய்த்து, மரம் வெட்டி, கோட்டை கட்டி, பக்கத்து ராஜ்ஜியத்தை இடிக்க வேண்டும். நடுவில் ‘ஹவ் டு யூ டர்ன் திஸ் ஆன்’ என்று தட்டினால் துப்பாக்கி பொருத்திய கோப்ரா கார் ஒன்று போர்க்களத்தில் வந்து நிற்கும். (ராஜேந்திர சோழன் கதையோடு திராவிடர்கள் வந்தது 2022-ல், அதுவும் புதுப்பித்த பதிப்புக்கு. பழைய சிடியில் சோழரைத் தேடாதீர்கள்.)

இந்த விளையாட்டை நான் எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் விஸ்டாவும் 7-ம் வந்த பிறகு, மைக்ரோசாஃப்ட்டின் இந்தச் சொந்த விளையாட்டு மைக்ரோசாஃப்ட்டின் சொந்த இயங்குதளத்திலேயே கோளாறு செய்தது. விளையாட்டு ஓடும், ஆனால் புல்வெளியும் தண்ணீரும் திட்டுத்திட்டாகச் சிவப்பும் ஊதாவுமாகத் தெரியும். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் லினக்ஸில் அதைத் திறப்போம்.

முதல் இரண்டு எழுத்துகள்

விண்டோஸின் எக்ஸி கோப்பு எதைத் திறந்து பார்த்தாலும் முதல் இரண்டு எழுத்துகள் எம், இசட் என்றே இருக்கும். டாஸ் காலத்தில் இந்தக் கோப்பு வடிவத்தை வகுத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயர் முதலெழுத்துகள் அவை. லினக்ஸின் கருநிரல் (கெர்னல்) தன் நிரல்களில் எதிர்பார்ப்பது வேறு: இ, எல், எஃப். எம், இசட் என்று தொடங்கும் கோப்பை அது தானாகக் கையில் எடுக்காது. இரட்டைக் கிளிக்கில் ஒன்றும் நடக்காததற்கு முதல் காரணம் இதுதான்.

வைன் அந்த எம், இசட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறது. கோப்பின் பகுதிகளை நினைவகத்தில் அவையவை இருக்க வேண்டிய இடத்தில் வைக்கிறது. அந்தக் காலத்து எக்ஸி கோப்புகளில் பல பிடிவாதக்காரர்கள். குறிப்பிட்ட ஒரு முகவரியில் உட்கார வைத்தால்தான் ஓடும். அதனால் வேறெதுவும் அங்கே வந்து குந்துவதற்கு முன்பே, வைன் அந்த இடத்தைத் துண்டு போட்டு வைத்துக்கொள்கிறது.

பிறகு பெயர்ப் பட்டியல். எக்ஸி கோப்பின் உள்ளேயே, ‘எனக்கு இன்னின்ன நூலகக் கோப்பிலிருந்து இன்னின்ன வேலைகள் வேண்டும்’ என்று எழுதியிருக்கும். டி.எல்.எல். என்று நாம் சொல்லும் கோப்புகள்தாம் இந்த நூலகங்கள். கோப்பு வேலைக்குக் கெர்னல்32, சன்னல் வேலைக்கு யூசர்32, படம் வரைய டைரக்ட்டிரா, நண்பர்களோடு இணைந்து ஆட டைரக்ட்பிளே. வைன் இதே பெயர்களில் தானே எழுதிய கோப்புகளை வைத்திருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் நேராகத் தன் வேலையின் முகவரியை எழுதிக் கொடுக்கிறது. இன்னும் எழுதப்படாத வேலை ஏதாவது பட்டியலில் இருந்தால், அந்த இடத்தில் ஒரு பொம்மை முகவரியை வைத்துவிடும். விளையாட்டு அதைக் கடைசிவரை அழைக்கவில்லையென்றால் யாருக்கும் தெரியாமலே போய்விடும். அழைத்தால் அந்த இடத்தில் நிரல் விழும். சில விளையாட்டுகள் மூன்றாவது கட்டம்வரை நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று மூடிக்கொள்வதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

சி டிரைவ் எங்கே?

விளையாட்டு இப்போது தன் படக்கோப்புகளைத் தேடுகிறது. அது கேட்பது ‘சி’ டிரைவை. லினக்ஸில் சி-யும் கிடையாது, டி-யும் கிடையாது. எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள்.

உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் ‘.வைன்’ என்ற மறைந்த ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ‘டாஸ்டிவைசஸ்’ என்று ஒன்று. திறந்து பாருங்கள், ஏமாந்துபோவீர்கள். ‘சி:’, ‘இசட்:’ என்ற பெயரில் இரண்டு குறுக்குவழிகள் இருக்கும், அவ்வளவுதான். சி என்பது பக்கத்து ஃபோல்டரைக் காட்டுகிறது. இசட் என்பது உங்கள் கணினி முழுவதையும் காட்டுகிறது. விண்டோஸின் டிரைவ் என்கிற ஏற்பாடு முழுவதையும் இந்தக் குறுக்குவழிகளால் தாட்டிவிடுகிறார்கள். சிடி டிரைவ் வேண்டுமா? ‘டி:’ என்று இன்னொன்றைப் போட்டு, வைனின் அமைப்புப் பெட்டியில் ‘இது சிடி-ராம்’ என்று குறித்தால் போதும். ‘சிடியைப் போடு’ என்று அடம்பிடிக்கும் விளையாட்டுகளில் பல இதற்கே சமாதானமாகிவிடும்.

இன்னொரு தொல்லை, பார்வைக்குச் சின்னது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் கோப்புப் பெயர்களில் கண்டுகொள்வதில்லை. லினக்ஸுக்கு அவை இரண்டும் வெவ்வேறு கோப்புகள். ஃபோல்டரின் பெயரைச் சிடியில் ஒருவிதமாகவும் நிரலுக்குள் வேறுவிதமாகவும் எழுதியிருப்பார்கள். விண்டோஸில் அது யாரையும் உறுத்தியிருக்காது. வைனோ, நேராகத் தேடிக் கிடைக்காதபோது ஃபோல்டரில் உள்ள பெயர்களையெல்லாம் வரிசையாகப் படித்துப் பொருந்துவதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள விளையாட்டில் இது வீண் உழைப்பு. 2019-ல் வந்த லினக்ஸ் 5.2-ல், எழுத்து வேறுபாட்டைப் பாராட்டாத ஃபோல்டர்களை எக்ஸ்ட்4 கோப்பு முறையிலேயே வைத்துக்கொள்ள வழி செய்தார்கள்.

256 நிறங்கள்

இனி அந்தச் சிவந்த புல்லுக்கு வருவோம்.

இன்றைய திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுகிறோம். ஒரு புள்ளிக்கு 4 பைட் ஆகும். 800-க்கு 600 புள்ளிகள் உள்ள திரையென்றால் 4,80,000 புள்ளிகள்; 19,20,000 பைட். 1999-ன் கணினிக்கு, நொடிக்குப் பலமுறை இவ்வளவையும் எழுதித் தள்ளுவது பெரும்பாடு. அதனால் ஒரு சிக்கனம் செய்தார்கள். முதலில் 256 நிறங்களைத் தேர்ந்தெடுத்து வரிசையெண் கொடுத்து ஓர் அட்டவணையாக வைத்துவிடுவது. இதை வண்ணத்தட்டு என்போம். அதன் பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தை எழுத வேண்டியதில்லை. எண்ணை எழுதினால் போதும். 256 எண்கள் 1 பைட்டுக்குள் அடங்கும். வேலை நான்கில் ஒன்றாகிவிட்டது.

இதில் ஒரு நல்ல வசதியும் உண்டு. ஒரே வீரனின் படத்தை நீல அணிக்கும் சிவப்பு அணிக்கும் தனித்தனியாக வரைய வேண்டாம். அவன் சட்டையில் உள்ள எண்களை மட்டும் தட்டில் வேறு வரிசைக்கு நகர்த்தினால் அணி மாறிவிடும். எட்டு ஆட்டக்காரர்கள், எட்டு நிறம், படம் ஒன்றே.

ஆனால் ஒரு கணினிக்கு ஒரு திரை, ஒரு திரைக்கு ஒரு தட்டு. ஒரே நேரத்தில் ஓடும் நிரல்கள் எல்லாம் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முழுத்திரையில் ஓடும் விளையாட்டு, ‘தட்டு முழுவதும் எனக்கு’ என்று எடுத்துக்கொள்ளும். பழைய விண்டோஸில் மற்றவை ஒதுங்கிக்கொண்டன. விஸ்டாவிலும் 7-லும் டெஸ்க்டாப்பைப் பார்த்துக்கொள்ளும் எக்ஸ்ப்ளோரர் என்ற நிரல், விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே வந்து தட்டின் சில இடங்களைத் தன் நிறங்களால் நிரப்பியது. விளையாட்டு புல்லுக்கு எழுதிய எண்ணில் எந்தப் பிழையும் இல்லை. அந்த எண்ணில் இப்போது பச்சைக்குப் பதில் வேறு நிறம் இருந்தது. அவ்வளவுதான் சங்கதி.

மக்கள் கண்டுபிடித்த வைத்தியங்கள் வேடிக்கையானவை. எக்ஸ்ப்ளோரரை மூடிவிட்டு ஆடுவது ஒன்று. திரை அளவை மாற்றும் அமைப்புப் பெட்டியைச் சும்மா திறந்து வைத்துவிட்டு விளையாட்டைத் தொடங்குவது இன்னொன்று. மந்திரம்போல் வேலை செய்தது. ஏன் என்று ஆடியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

வைன் இதை எப்படிக் கையாள்கிறது? உண்மையான திரையை 256 நிறத்துக்கு மாற்றவே மாற்றாது. நினைவகத்தில் ஒரு போலித் திரையைக் கொடுத்து, ‘உன் எண்களை இங்கே எழுதிக்கொள்’ என்கிறது. தட்டையும் அதன் பக்கத்திலேயே அந்த விளையாட்டுக்கென்று தனியாக வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு காட்சியும் முடிந்ததும் எண்ணைத் தட்டில் பார்த்து நிறமாக மாற்றி, இன்றைய கிராஃபிக்ஸ் அட்டை வழியாக உண்மையான திரையில் தீட்டுகிறது. நொடிக்கு 60 முறை என்றால் 2 கோடியே 88 லட்சம் எண்களைப் பார்த்து மாற்ற வேண்டும். 1999-ன் பெண்டியம் இதைக் கேட்டு மிரண்டிருக்கும். இன்றைய கணினிக்கு இது ஒரு வேலையே அல்ல. தட்டு வேறு யார் கைக்கும் எட்டாத இடத்தில் இருப்பதால் புல் பச்சையாகவே இருக்கிறது.

பழைய விளையாட்டுகளுக்கு லினக்ஸ் சில சமயம் விண்டோஸைவிட நல்ல இடமாக அமைவது இதனால்தான். இன்னொன்றும் சொல்லலாம். 64-பிட் விண்டோஸ், 16-பிட் நிரல்களை அறவே ஓட்டாது. 90-களில் வந்த பல விளையாட்டுகள் 32-பிட்டாக இருந்தாலும், அவற்றை நிறுவும் செட்டப் நிரல் 16-பிட்டாக இருந்தது. விண்டோஸில் வாசலிலேயே நின்றுவிடும் அந்தச் சிடிகளை 64-பிட் லினக்ஸில் வைன் உள்ளே அழைத்துக்கொள்கிறது.

பிழைக்கும் மரியாதை

ஆயிரக்கணக்கான பெயர்களுக்குப் பதில் எழுத வேண்டுமென்றால், மைக்ரோசாஃப்ட்டின் கையேட்டைப் பார்த்து எழுதிவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். அப்படி முடியாது. விளையாட்டை எழுதியவர்கள் கையேட்டைப் படித்து எழுதவில்லை. தங்கள் மேசையில் இருந்த விண்டோஸில் எது ஓடியதோ அதை எழுதினார்கள்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. சிம்சிட்டி விளையாட்டில் ஒரு பிழை இருந்தது: ‘இந்த நினைவகம் இனி வேண்டாம்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த கணமே அதிலிருந்து படிக்கும். முந்தைய இயங்குதளங்களில் திருப்பிக் கொடுத்த இடம் உடனே கலையாது என்பதால் பிழை வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95-ஐச் சோதித்தபோது சிம்சிட்டி விழுந்தது. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆமென்றால் திருப்பிக் கொடுத்த நினைவகத்தை உடனே கலைக்காத ஒரு தனி ஏற்பாட்டை விண்டோஸுக்குள் சேர்த்தது. புதிய விண்டோஸ் வாங்கியவர் தன் விளையாட்டு ஓடவில்லையென்றால் விளையாட்டையா திட்டுவார்?

விண்டோஸுக்கே இந்தப் பாடு என்றால் வைனுக்குச் சொல்லவே வேண்டாம். அதனால் வைனை எழுதுபவர்கள் சிறுசிறு சோதனை நிரல்களை எழுதி உண்மையான விண்டோஸில் ஓட்டுகிறார்கள். தவறான எண்ணைக் கொடுத்தால் விண்டோஸ் என்ன சொல்கிறது? வெற்றுப் பெயரைக் கொடுத்தால்? பதில் அபத்தமாக இருந்தாலும் சரி, வைனும் அதே அபத்தத்தைச் சொல்ல வேண்டும். இந்த வேலை எவ்வளவு நீண்டது என்பதற்கு ஒரு கணக்கு: 1993-ல் தொடங்கிய வைனின் 1.0 பதிப்பு வெளிவந்தது 2008-ல். பதினைந்து ஆண்டுகள்! மென்பொருள் உலகில் இதைவிடப் பொறுமையான கூட்டம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

2018-ல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், வைனை அடிப்படையாக வைத்துப் புரோட்டான் என்ற தொகுப்பை வெளியிட்டது. முப்பரிமாண விளையாட்டுகள் பேசும் டைரக்ட்3டி மொழியை, லினக்ஸின் கிராஃபிக்ஸ் அட்டைகளுக்குப் புரியும் வல்கனாக மாற்றும் டி.எக்ஸ்.வி.கே. அதில் முக்கியமான பகுதி. 2022-ல் வந்த வால்வின் ஸ்டீம் டெக் கைக்கருவி லினக்ஸில்தான் ஓடுகிறது. அதில் ஆடப்படும் விண்டோஸ் விளையாட்டுகள் புரோட்டான் வழியாகவே ஓடுகின்றன.

ஓடாதவையும், ஓட்டுபவருக்குச் சிலவும்

எல்லாம் ஓடிவிடாது. ஏமாற்றுவோரைப் பிடிப்பதற்காக விண்டோஸின் கருநிரலுக்குள்ளேயே நுழைந்து உட்காரும் காவல் நிரல்களோடு வரும் விளையாட்டுகளில் பல லினக்ஸில் நடக்காது, வாலரண்ட் அப்படிப்பட்டது. வைனிடம் விண்டோஸ் கருநிரல் என்ற ஒன்று இல்லை, அந்தக் காவலாளி நிற்க இடமும் இல்லை. சிடி நகலெடுப்பைத் தடுக்க 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவலாக இருந்த சேஃப்டிஸ்க் பூட்டும் இதே இனம். அதை விண்டோஸ் 10-ஏ பாதுகாப்புக் காரணத்துக்காகக் கைவிட்டுவிட்டது.

ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு மூன்று வார்த்தை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி வைன் ஃபோல்டர் வையுங்கள். ஒன்றுக்காகச் செய்த மாற்றம் இன்னொன்றைக் கெடுக்காது. மைக்ரோசாஃப்ட்டின் டி.எல்.எல். கோப்புகளைப் பத்துப் பதினைந்தாக அள்ளிப்போடச் சொல்லும் குறிப்புகளை நம்ப வேண்டாம். அவற்றில் பல, வைன் குழந்தையாக இருந்த காலத்தவை. முதலில் எதையும் மாற்றாமல் ஓட்டிப் பாருங்கள். வைனை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டவே ஓட்டாதீர்கள்; இசட் டிரைவ் உங்கள் கணினி முழுவதையும் காட்டுகிறது என்று மேலே சொன்னேன், விண்டோஸ் வைரஸ் ஒன்று உள்ளே வந்தால் அதற்கும் அதே வாசல்தான்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் அலமாரியில் கிடக்கும் சிடிகளை வெளியே எடுங்கள். கீறலும் பூஞ்சையும் விழுந்தால் எந்த வைனாலும் படிக்க முடியாது. வெறும் தரவு மட்டும் உள்ள சிடியென்றால் ஐ.எஸ்.ஓ. கோப்பாக எடுத்தால் போதும். பின்னணி இசை பாட்டு சிடியைப்போல் தனித் தடங்களாகப் பதிந்திருந்தால் ஐ.எஸ்.ஓ.-வில் அந்த இசை வராது. அதைப் பின்-கியூ வடிவில்தான் எடுக்க வேண்டும். இந்த வாரமே எடுத்துவையுங்கள்.